கொடிகளுக்கு இரண்டு பட்டம்

டொராண்டோவில் ஏப்ரல் மாதம் ஆளை ஏமாற்றும். பகலில் 15 டிகிரி வெயில் அடித்ததும் பக்கத்து வீட்டுக்காரர் அரைக்கால் சட்டையோடு வாசலுக்கு வந்துவிடுவார். கடைகளில் விதைப் பொட்டலங்கள் வரிசையாகத் தொங்கும். அந்த ஆசையில் மார்னிங் க்ளோரி விதைகளை வேலியோரம் ஊன்றிவிட்டு, மூன்று வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தேன். அழுகிய விதைத்தோல்தான் கையில் ஒட்டியது. அதே நாளில், இரண்டடி தள்ளி ஊன்றிய ஸ்வீட் பீ விதைகளோ பச்சை மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன.

மண்ணும் தண்ணீரும் ஒன்றுதான். பிறந்த ஊர்தான் வேறு. ஸ்வீட் பீ இத்தாலியின் சிசிலிப் பக்கத்துச் செடி. அங்கே அது இலையுதிர்கால மழையில் முளைத்து, மிதமான குளிர்காலத்தைச் சின்னச் செடியாகவே கழித்து, வசந்தத்தில் பூத்து, கோடை சுட்டதும் காய்ந்துபோகும். மார்னிங் க்ளோரிக்குப் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. அதற்குக் குளிர் என்றாலே ஆகாது. நாம் இரண்டையும் ‘கொடி’ என்று ஒரே பையில் போடுகிறோம். விதைக்கிற பட்டம் என்று வரும்போது இவை இரண்டு கட்சி.

முதல் பட்டம், குளிர் தாங்கும் கொடிகளுக்கு. ஏப்ரல் நடுவில், மண் இளகியதும் ஸ்வீட் பீயை விதைக்கலாம். ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பாருங்கள். களியாக உருண்டு நின்றால் பொறுத்திருங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் ஊன்றலாம். இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் போதும். லேசான உறைபனி இரண்டு மூன்று இரவு விழுந்தாலும் நாற்று தாங்கிக்கொள்ளும். இன்னும் முந்த வேண்டுமென்றால், மார்ச் நடுவிலேயே வீட்டுக்குள் தொடங்கலாம். இதன் வேர் நேராகக் கீழே ஓடும் என்பதால் டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக்குழாய் நல்ல தொட்டி. நடும்போது குழாயோடு புதைத்துவிடலாம். மூன்று நான்கு அடுக்கு இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மனம் வராதுதான், ஆனால் கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடிக்கும்.

இதில் அவசரம் காட்டுவதற்குக் காரணம் குளிர் அல்ல, வெயில். ஜூலையில் 30 டிகிரி தொட்டுவிட்டால் ஸ்வீட் பீ பூப்பதைக் குறைத்து, மஞ்சளாகி, கடையைக் கட்டிவிடும். ஏப்ரலில் சோம்பலில் கழித்த ஒவ்வொரு வாரமும் ஜூனில் பூவாக இருந்திருக்க வேண்டியது.

இரண்டாவது பட்டம், சூடு கேட்கும் கொடிகளுக்கு. இங்கே எல்லோரும் சொல்லும் நாள் விக்டோரியா டே, அதாவது மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை. அந்த நீண்ட வாரயிறுதியில் நாற்றுப் பண்ணைகளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கடைசி உறைபனி சராசரியாக அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆனால் சராசரி என்பது சராசரிதான். சில வருடம் அதைத் தாண்டியும் ஒரு இரவு வந்து கருக்கிவிட்டுப் போகும்.

நான் இப்போதெல்லாம் நாட்காட்டியைவிட மண்ணையே நம்புகிறேன். காற்று சூடாகி வெகுநாள் கழித்துத்தான் மண் சூடாகும். காலையில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானியைச் செருகினால், மார்னிங் க்ளோரிக்கு 18 டிகிரியாவது காட்ட வேண்டும். களிமண் மெதுவாகச் சூடேறும். தொட்டியும் தெற்குப் பார்த்த சுவரோரமும் முந்திக்கொள்ளும். வெப்பமானி இல்லையா? தக்காளி நாற்றைத் தைரியமாக வெளியே வைக்கிற வாரம் எதுவோ, அதுதான் இதற்கும். கால்கரி, வினிபெக் பக்கம் இருப்பவர்கள் ஜூன் தொடக்கம்வரை காத்திருப்பது நல்லது.

இப்படிக் காத்திருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மார்னிங் க்ளோரியில் நீலப் பூவுக்குப் பேர்போன ‘ஹெவன்லி ப்ளூ’ ரகம் விதையிலிருந்து பூவுக்கு ஏறக்குறைய 110 நாள் எடுக்கும். ஜூன் 1-இல் ஊன்றினால் முதல் பூ செப்டம்பர் மூன்றாம் வாரத்தில். அக்டோபரில் உறைபனி வந்து எல்லாவற்றையும் முடித்துவிடும். ஆகவே பட்டத்தை இலையுதிர்காலப் பனியிலிருந்தும் பின்னோக்கி எண்ண வேண்டும். ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள், மக்கும் தொட்டியில் தொடங்குங்கள். விதைத்தோலை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு இரவு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். வேரைத் தொட்டால் சிணுங்குகிற செடி என்பதால் நடும்போது தொட்டியை உரிக்க வேண்டாம். வெளியே வைக்கும் முன் ஒரு வாரம் பத்து நாள், முதலில் நிழலில், பிறகு சிறிது வெயிலில் என்று பழக்குங்கள். உரம் அதிகம் போட்டால் வேலி முழுக்க இலைதான் மிஞ்சும்.

இத்தனை பாடு வேண்டாம் என்பவர்களுக்கு நாஸ்டர்ஷியமும் சிவப்புப் பூ விடும் ரன்னர் பீன்ஸும் இருக்கின்றன. மே கடைசியில் நேராக மண்ணில் ஊன்றினால் போதும். ரன்னர் பீன்ஸின் பூவைத் தேடி ஹம்மிங்பேர்ட் வரும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஸ்வீட் பீ, மார்னிங் க்ளோரி விதைகளைக் கைக்கெட்டாமல் வையுங்கள். இரண்டுமே நஞ்சு, ஸ்வீட் பீ காய் சாப்பிடும் பட்டாணி போலவே இருக்கும்.

ஸ்கார்பரோவில் தமிழர் வீடுகளில் கேட்கிற கேள்வி ஒன்று பாக்கி: சங்குப்பூ வருமா? வரும், ஆனால் செல்லம் கொடுக்க வேண்டும். மார்ச் கடைசியில், சூடான ஜன்னலோரத்தில், ஊறவைத்த விதை. இரவும் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத ஜூனில்தான் வெளியே, அதுவும் தெற்குச் சுவரோரம், கறுப்புத் தொட்டியில், ஏறுவதற்கு ஒரு கொழுகொம்போடு. தரையில் நடாதீர்கள், செப்டம்பர் குளிர் தொடங்கும்போது தொட்டியோடு தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருக்கும்.