மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருட் சீராக்கி

பெற்றோல் தனித்து எரிவதில்லை. காற்றோடு கலந்தே எரிகின்றது. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு, நிறையளவில், ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். முன்னாளில் இக்கலவையை ஆக்கித் தந்தது காபுரேற்றர். அதிலுள்ள சிறு துளைக்குழாயை மாற்றிப் பூட்டினாற் கலவையும் மாறிவிடும். ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களில் 1995ஆம் ஆண்டு எரிபொருளைப் பீச்சும் முறை புகுந்தது. இம்முறையிற் பெற்றோலை அளப்பது ஒரு சிறு கணினி. பீச்சுகுழல் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டுமென்பது அதன் நினைவில் அட்டவணையாகப் பதிந்திருக்கின்றது.

உரிமையாளர் புகைக்குழாயையும் காற்று வடிகட்டியையும் மாற்றுகின்றார் என்று கொள்வோம். ஒலி கம்பீரமாகிறதென்பது அவர் கட்சி. அயலவர் கட்சி வேறு. இப்பொழுது காற்று மிகுதியாக உட்புகுகின்றது, அட்டவணையோ பழையது. பெற்றோல் குறைந்த கலவையால் எஞ்சின் திணறும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். பெருஞ்சுமையில் நெடுநேரம் ஓடினால் வால்வும் பிஸ்டனும் கெடவுங்கூடும். இக்குறையைத் தீர்க்க வந்ததே இலத்திரனியற் சீராக்கி.

ஒருவகைச் சீராக்கி கணினிக்கும் பீச்சுகுழலுக்கும் இடையே நின்று, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். வேண்டாதபோது கழற்றிவிடலாம். ஆயினும் ஒரு சிக்கல் உண்டு. சீரான வேகத்தில் ஓடும்போது, புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி சொல்வதைக் கேட்டே கணினி கலவையைத் திருத்துகின்றது. சீராக்கி கூட்டிய பெற்றோலை அது மீண்டும் குறைத்துவிடும்! இன்னொரு வகை, கணினியிலுள்ள அட்டவணையையே திருத்தி எழுதுகின்றது. தீப்பொறி எழும் நேரத்தையும் மாற்ற வல்லது. எஞ்சினில் மேலும் மாற்றங்கள் செய்ய எண்ணுவோருக்கு இதுவே தக்கது. ஆனால், பெரும்பாலும் ஒரு வண்டியோடு பிணைக்கப்பட்டபின் மற்றொன்றுக்கு உதவாது. அகன்ற வீச்சுள்ள உணரியைக் கொண்டு ஓட்டத்திலேயே கற்றுத் திருத்துவனவும் உள; விலைதான் அதிகம்.

எதை வாங்கினும், தமது வண்டிக்கும் அதிற் பூட்டிய குழாய்க்கும் பொருந்திய அட்டவணை அதனோடு கிடைக்குமா என்பதையே முதலில் விசாரித்தல் வேண்டும். ஒன்றையும் மாற்றாத வண்டிக்குச் சீராக்கி தேவையேயில்லை.

சட்டத்தையும் மறத்தலாகாது. புகையின் நச்சை மிகுவிக்கும் சீராக்கிகளை விற்றதாக ஐக்கிய அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டியபோது, 2016 ஆகஸ்டில் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 120 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டது; தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. விற்பனையாளரிடம் எஞ்சியிருந்தவற்றைத் திரும்ப வாங்கி அழிக்கவும் இணங்கியது. கலிபோர்னியாவிலே, வீதியில் ஓடும் வண்டிக்கு இத்தகைய கருவி பூட்டுவதற்கு அம்மாநில வளிவளச் சபையின் விலக்களிப்பு ஆணை வேண்டும். அங்கே வாங்குவோர் விலையைக் கேட்குமுன் அவ்வாணையின் எண்ணைக் கேட்பது நன்று.