இளைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்!

‘இளைச்ச பிறகு நல்லதா நாலு டிரஸ் வாங்கிக்கலாம்’ என்று தள்ளிப்போடும் பெண்கள் ஏராளம். அதற்குள் சொந்தத்தில் கல்யாணம் வந்துவிடும். ‘போட்டுக்க எதுவுமில்லை’ என்று போகாமலே இருந்துவிடுவார்கள்.

எடை குறையும்போது கூடவே அளவு குறைக்க முடிகிற உடைகளை வாங்கினால் செலவு மிச்சம். புடவைக்கு அளவே கிடையாது. ஜாக்கெட்டைப் பிடித்தால் போதும். நாடா வைத்த பலாஸோவை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். குர்தியைத் தோள் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பக்கவாட்டுத் தையலை டெய்லர் சுலபமாகப் பிடித்துவிடுவார். தோளைச் சரிசெய்வதுதான் கஷ்டம், கூலியும் அதிகம். விறைப்பான துணியைவிட, இழைந்து விழும் ரேயானில் ஏ-லைன் கட் எடுப்பாக இருக்கும். தொளதொளவென்று போட்டால் இன்னும் குண்டாகத்தான் தெரியும்.

உள்ளே மிஞ்சும் துணியை வெட்ட வேண்டாமென்று டெய்லரிடம் சொல்லிவிடுங்கள். எடை மறுபடி ஏறினாலும் பிரித்துக்கொள்ளலாம்.

மூன்று குர்தி, இரண்டு பலாஸோ... இப்போதைக்கு இது போதும். கல்யாணத்துக்குப் போய்வாருங்கள்!