டிராக்டர் ஸ்டியரிங்கில் ஆட்டம்: கவனிப்பதும் கடமையே



சம்பா உழவு நெருங்கிவிட்டது. நம் அறக்கட்டளைக்கு வக்ஃபாக வந்த சிறு டிராக்டரும், மஹல்லாவில் சிலர் சொந்தமாக வைத்திருக்கும் டிராக்டர்களும் இனி நாள் முழுக்க வயலிலும் சாலையிலும் ஓடும். வண்டியை எடுப்பவர்கள் டீசலையும் ஆயிலையும் தவறாமல் பார்க்கிறார்கள். ஸ்டியரிங் மூட்டுகளைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. ஸ்டியரிங் ஆடினால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று அதற்கேற்ப ஓட்டப் பழகிக்கொள்கிறோம். இது ஏன் ஆபத்து, எப்படிக் கண்டுபிடிப்பது, சரிசெய்யும் செலவு யாருடையது என்பதைச் சகோதரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூட்டு ஏன் தேய்கிறது?

ஸ்டியரிங் பெட்டியிலிருந்து முன்சக்கரங்கள் வரை அசைவைக் கொண்டு செல்பவை டிராக் லிங்க், டை ராடு ஆகிய கம்பிகள். அவற்றின் முனைகளில் பால் ஜாயிண்ட் இருக்கும். நம் தோள் மூட்டைப் போல, ஒரு கிண்ணத்துக்குள் ஓர் இரும்புக் குண்டு சுழலும். உள்ளே கிரீஸ், வெளியே ரப்பர் உறை. அந்த உறை கிழிந்தால் சேற்றுழவின்போது மணல் கலந்த நீர் உள்ளே புகும். மணலும் கிரீஸும் கலந்து, சாணைக்கல்லில் தேய்ப்பதுபோல் குண்டையும் கிண்ணத்தையும் அரைத்துவிடும்.

தேய்மானம் முற்றினால் குண்டு கிண்ணத்தைவிட்டுக் கழன்றுவிடும். அதன்பின் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் அந்தச் சக்கரம் கேட்காது. வயலில் நடந்தால் வண்டி சேற்றில் நிற்கும். டிரெய்லரில் மூட்டைகளோடு வாய்க்கால் கரைச் சாலையில் போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அதே சாலையில்தான் நம் பிள்ளைகளும் நடந்து வருகிறார்கள்.

வீட்டிலேயே சோதிக்கும் முறை

முதலில் அறிகுறிகள். நேர்ச் சாலையில் வண்டி இருபக்கமும் அலைவது, குழியில் இறங்கும்போது முன்னால் 'டக்' என்ற சத்தம், முன் டயர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சோதித்துப் பாருங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

1. சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, பிரேக்கைப் பூட்டி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இருபக்கமும் மெதுவாக அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும். கம்பி அசைந்து, அது கோத்திருக்கும் கை அசையாமல் தாமதித்தால் அந்த மூட்டு தேய்ந்துவிட்டது. பார்ப்பவர் விரலை இடுக்கில் வைக்கக் கூடாது.

2. முன் ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின் மீது இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்காதீர்கள். டயரின் இடது, வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராடு எண்ட்தான் காரணம்.

3. அடுத்து மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். சக்கரத்தோடு அதைத் தாங்கும் ஸ்பிண்டிலும் சேர்ந்து ஆடினால் கிங் பின் புஷ். இதைப் பிரித்தறியாமல், தேயாத பாகத்தை மாற்றிப் பணத்தை இழப்பவர்கள் உண்டு.

4. கடப்பாரையால் ஆக்சிலை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். ஆடினால் ஆக்சிலின் நடு பின்னோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது.

ஸ்டியரிங் வட்டத்தில் சிறிது விளையாட்டு எல்லா வண்டியிலும் இருக்கும். அனுமதிக்கப்பட்ட அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். பவர் ஸ்டியரிங் வண்டிகளில் கைக்கு எல்லாம் இலகுவாகத் தெரிவதால் தேய்மானம் வெளியே தெரியாது. அவற்றை இன்னும் கவனமாகச் சோதியுங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

தேய்ந்த பால் ஜாயிண்டைத் தட்டி இறுக்குவதும் வெல்டிங் வைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் குண்டின் கடினத்தன்மை போய்விடும். பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும் சாலையில் உடையலாம். புதிய பாகம் போடுவதே வழி.

பழையதைக் கழற்றுமுன் கம்பியின் மொத்த நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை சுற்றில் கழல்கிறது என்பதையும் எண்ணுங்கள். பல டை ராடுகளில் ஒரு முனையில் இடது மறை இருக்கும். அது எதிர்ப்பக்கமாகத்தான் கழலும். மூட்டைப் பிரிக்கப் புல்லர் பயன்படுத்துவது நல்லது. மறையின் தலையில் சுத்தியலால் அடிக்கக் கூடாது. புதியதைப் பூட்டியபின் காசில் நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஸ்ப்ளிட் பின் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் சற்று இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. பழைய ஸ்ப்ளிட் பின்னை மீண்டும் போடாதீர்கள். ஒருபக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே வேலையைச் செய்ததுதான். இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. கடைசியில் டோ-இன் அளவைப் பட்டறையில் சரிபாருங்கள். இல்லையென்றால் புது டயரும் சீக்கிரம் தேயும்.

கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டுகளுக்குச் சேற்றுழவு நாட்களில் வேலை முடிந்ததும், சேற்றைக் கழுவிவிட்டு கிரீஸ் அடியுங்கள். தேய்மானத்தைத் தள்ளிப்போட இதைவிட மலிவான வழி இல்லை.

செலவு யாருடையது?

அலுவலகத்துக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. வாடகைக்கு விடும் பொருளைப் பயன்படும் நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு. வழக்கமான வேலையில் ஏற்படும் தேய்மானத்தை வாடகைக்கு எடுத்தவர் மீது சுமத்த முடியாது. ஆகவே அறக்கட்டளை வண்டியின் மூட்டுகள் தேய்ந்தால் அந்தச் செலவு அறக்கட்டளையைச் சேர்ந்தது. வக்ஃபின் வருமானத்தில் முதல் உரிமை அதன் பராமரிப்புக்கே என்று ஃபிக்ஹ் சொல்கிறது. வாடகைப் பணத்தை முதலில் வண்டிக்குச் செலவிட்டு, மிஞ்சுவதையே உதவிகளுக்கு எடுக்க வேண்டும். இதனால் உதவிக்கு மிஞ்சுவது குறையலாம். அதற்காக ஆபத்தான வண்டியை ஏழை விவசாயியிடம் கொடுப்பது தர்மம் ஆகாது.

வாடகைக்கு எடுத்தவரின் கையில் வண்டி அமானிதம். வரம்பு மீறிப் பயன்படுத்தியதால், உதாரணமாக அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதால் உடைந்தால், ஈடு செய்வது அவர் கடமை. ஆட்டம் தெரிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்வதும் அமானிதத்தில் சேரும். "சொன்னால் வண்டியை வாங்கிக்கொள்வார்கள், உழவு நின்றுவிடும்" என்று மறைக்காதீர்கள். இரவல் வாங்குவதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் சட்டங்களில் வேறுபாடு உண்டு. சச்சரவு வந்தால் நம் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பழைய டிராக்டரை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூட்டில் ஆட்டம் இருப்பது தெரிந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து விற்பது ஹராம்; விற்கும்போதே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் வாங்கியவருக்கு உண்டு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. உழவுக்கு இறங்குமுன் அரைமணி நேரம் ஒதுக்கி மேற்சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்து, நம்மையும் சாலையில் செல்லும் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

– செயலாளர்