மேலே குளிர்... கீழே கொதிப்பு! போடி மலையடிவாரத்தில் கோடையைத் தாண்டுவது எப்படி?

சித்திரை பிறந்துவிட்டால் போடிநாயக்கனூரில் ஒரே நாளில் இரண்டு பருவங்களைப் பார்த்துவிடலாம். விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்குக் கிளம்பும் ஜீப்புகளில் பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி போடிமெட்டைத் தொட்டதும் முகத்தில் ஜில்லென்று காற்று அடிக்கும். வேலை முடிந்து அதே ஜீப்பில் இறங்கும்போது வளைவுக்கு வளைவு வெக்கை ஏறும். ஊருக்குள் கால் வைத்தால் தார் ரோடு கொதித்துக்கொண்டிருக்கும்.

காரணம் எளிமையானது. 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். போடிக்கும் போடிமெட்டுக்கும் இடையிலான உயர வித்தியாசம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி, வறண்ட காற்று. அந்தப் பக்கம் ஏலச்செடி விரும்பும் நிழலும் ஈரமும். இந்த இரண்டுக்கும் நடுவே தினமும் போய் வருகிற உடம்புக்குத்தான் கோடையில் பாடு அதிகம்.

குளிரும் இடத்திலும் உடம்பு வற்றும்

'மேலேதான் குளுகுளுன்னு இருக்கே, வெயில் என்ன செஞ்சிடும்?' என்ற நினைப்புதான் முதல் ஆபத்து. உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர்களின் தாக்கம் சுமார் 10 சதவிகிதம் கூடும். அனல் தெரியாது, ஆனால் தோல் கருகும். காற்று வீசிக்கொண்டே இருப்பதால் வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடும். வியர்த்ததே தெரியாதபோது தாகமும் தெரியாது. கோடையில் காய் பறிப்பு குறைவு என்றாலும் வேலை நிற்பதில்லை. செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவது, காய்ந்த தட்டைகளை அகற்றுவது, தூரைச் சுற்றி இலை தழையால் மூடாக்கு போடுவது என்று சரிவில் ஏறி இறங்குகிற வேலைகள்தான் எல்லாமே. செடிக்கு மூடாக்கும் நிழலும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற இடத்தில், அதைப் பராமரிக்கிறவர்களுக்கும் அந்தக் கணக்கு வேண்டாமா?

பெண்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெளியே சொல்லக் கூச்சப்படுவதால் அதிகம் பேசப்படாத சிக்கல். 'தண்ணி குடிச்சா நடுவுல ஒதுங்க இடம் தேடணும்' என்ற கணக்கில் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது. வெளிவேலைக்குப் போகும் பெண்கள் எல்லா ஊரிலும் செய்வதுதான் இது. சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் சேர்ந்தால் சிறுநீர்ப் பாதைத் தொற்று வரும், கல் அடைப்பு வரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிறுநீரகமே பழுதாகலாம். அடிவயிற்றில் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், குளிர் நடுக்கம் இவற்றை 'சூட்டு வலி' என்று ஒதுக்கி, வெந்தய மோரோடு முடித்துக்கொள்ளக் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். தொற்று என்றால் மருந்து வேண்டும். கர்ப்பிணிகள் ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது.

குடிநீரும் கழிப்பறையும் தொழிலாளர்களுக்குக் காட்டும் சலுகை அல்ல. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே அவற்றை முதலாளியின் கடமையாகச் சொன்னது. பின்னாளில் ஏலத்தோட்டங்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. ஆனால், அது 5 ஹெக்டேருக்கும் 15 தொழிலாளர்களுக்கும் குறையாத தோட்டங்களுக்கான சட்டமாகத்தான் இருந்தது. சின்னத் தோட்டங்களில் எல்லாம் முதலாளியின் மனசைப் பொறுத்தது என்பதுதான் நிலைமை. ஒரு தார்ப்பாய் மறைப்பும் ஒரு குடம் தண்ணீரும் ஏற்பாடு செய்ய சட்டப் புத்தகம் தேவையில்லை.

எவ்வளவு குடிப்பது? வெயிலில் உடலுழைப்பு செய்பவர்கள் 15 - 20 நிமிடங்களுக்கு ஒரு டம்ளர் என்று பழகலாம். மொத்தமாக ஒரு செம்பைக் கவிழ்ப்பதைவிட இது நல்லது. போதுமான அளவு குடிக்கிறோமா என்பதை அறிய கருவி எதுவும் வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி. கடுங்காபி நிறத்துக்குப் போனால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாளே பழைய ஆட்களோடு போட்டி போட்டு வேலை பார்ப்பது வீரமல்ல. லீவில் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து, மதிய வெயிலில் கிரிக்கெட் மட்டையைத் தூக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.

வீட்டில் இருப்பவர்கள்?

ஜீப்பில் போனவர்களாவது நிழலில் நிற்கிறார்கள். தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கீழே பகல் முழுக்கத் தனியாக இருக்கும் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். வயதாக ஆக தாக உணர்வு குறையும், வியர்ப்பதும் குறையும். மகள் மலையில், மகன் கடையில். பாட்டி காலையில் குடித்த காபியோடு மாலைவரை உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் மதியம் ஒரு முறை எட்டிப்பார்த்து, 'ஆத்தா, இந்தா மோரு குடி' என்று கையில் கொடுத்துவிட்டு வருவது பெரிய வைத்தியம்.

மின்விசிறி ஓடுகிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். அறைக்குள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி அனலைத்தான் அள்ளி வீசும். அந்த நேரத்தில் நனைத்த துண்டை உடம்பில் போர்த்தி, கை கால்களைத் தண்ணீரால் துடைத்துவிடுவது பலன் தரும். பகலில் ஜன்னல்களை மூடித் திரை போட்டு, இரவில் திறந்து வைப்பதும் இந்த ஊருக்குப் பொருந்தும். காற்று வறண்டிருப்பதால் மண்பானைத் தண்ணீரும் போடியில் நன்றாகவே குளிரும். கடலோர ஊர்ப் பானைக்கு அந்த யோகமில்லை!

அந்தப் பானைக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் போடுபவர்கள், தினமும் எடுக்கும் குப்பியைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈர மணல்மேல் வைத்த மண்பானைக்குள் பாதுகாக்கலாம். கோடை வெக்கையில் அலமாரியில் கிடக்கும் இன்சுலின் வீரியத்தை இழந்துவிடும். ரத்த அழுத்தத்துக்கு 'நீர் மாத்திரை' சாப்பிடுபவர்கள் கோடை தொடங்கியதும் மருத்துவரை ஒரு முறை பார்த்து, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது அவசியம். தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

என்ன குடிக்கலாம்?

நீர்மோர், நீராகாரம், கம்மங்கூழ், கேப்பைக் கூழ், நுங்கு என இந்தப் பக்கத்துப் பட்டியலுக்குக் குறையே இல்லை. புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் கையெட்டும் தூரத்தில்தான் விளைகிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகு சாப்பிடவும். சுக்கு, ஏலம், வெல்லம் போட்ட பானகம் களைத்தவர்களுக்குத் தெம்பு தரும். சர்க்கரை நோயாளிகள் வெறும் வாசனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

பேதியோ அதிக வியர்வையோ ஏற்பட்டால் ஓ.ஆர்.எஸ் பொட்டலம்தான் சிறந்தது. கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்துகொள்ளலாம். உப்பு கூடினால் ஆபத்து. கண் அளவில் போட வேண்டாம்.

தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு என்றால் நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் உளறினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பவாதம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா காத்திருக்கக் கூடாது. உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும் என்பதால், முதல் அரை மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் செய்வதுதான் உயிரைக் காக்கும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-ல் அறிவித்து, வெப்ப அலையால் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்திருக்கிறது. அது உயிர் போன பிறகு வரும் பணம்.

சுற்றுலா வருபவர்களுக்கு...

2023 ஜூனில் போடிக்கு மீண்டும் ரயில் வந்த பிறகு, கோடையில் மலை பார்க்க வருவது சுலபமாகிவிட்டது. வாருங்கள், போடிமெட்டில் நின்று காற்று வாங்குங்கள். காட்டுக்குள் மட்டும் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதர்களால் ஏற முடியாது. ஒரு பீடித் துண்டு போதும். ஆற்றிலும் கிணற்றிலும் குளிக்கப் போகும் பிள்ளைகளோடு நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு இந்தச் சுற்றுவட்டாரமே திரண்டு போகும். அக்னி நட்சத்திரத்தை ஒட்டிய வெயிலில் தீச்சட்டி ஏந்துபவர்கள் விரதத்தோடு நடப்பார்கள். விரதத்தில் நீராகாரத்துக்குத் தடையில்லை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையை வெயில் தாழ்ந்த பிறகு அழைத்துப் போகலாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். வழிநெடுக இருக்கும் நீர்மோர்ப் பந்தல்களில் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடியுங்கள், கொடுப்பார்கள்.