முதல் வாரமே முதலிடம்! எப்படித் தெரியுமா?

வியாழன் நள்ளிரவு பன்னிரண்டு அடித்து வெள்ளி பிறக்கும்போது ஒரு பாட்டு வெளியாகிறது. ஞாயிறு காலை கண்டமங்கலத்தில் ஒரு வீட்டில் காதுகுத்து. வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. குழாய் ஸ்பீக்கர் தென்னைமரத்தில் ஏறியாயிற்று. சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு முடிந்ததும் ரெண்டு அம்மன் பாட்டு. நாலாவதாக அலறுகிறது பாருங்கள், அந்தப் புதுப் பாட்டு! வெளியாகி அறுபது மணி நேரம்கூட ஆகவில்லை. ஐந்து வயதுப் பொடியன் வரி பிசகாமல் கூடவே பாடுகிறான்!

உலகம் முழுக்கப் புதுப் பாட்டுகள் ஏன் வெள்ளிக்கிழமையே வருகின்றன, தெரியுமா? 2015 ஜூலை 10-க்கு முன்பு அப்படி இல்லை. அமெரிக்காவில் செவ்வாய், இங்கிலாந்தில் திங்கள் என்று நாட்டுக்கு ஒரு கிழமை இருந்தது. ஒரு நாட்டில் வந்த பாட்டை இன்னொரு நாட்டுக்காரன் மறுநாளே திருட்டுத்தனமாக இறக்கிக் கேட்டுவிடுவான். அதனால் எல்லோரும் கூடிப் பேசி வெள்ளி என்று முடிவெடுத்தார்கள். அமெரிக்காவின் 'பில்போர்டு' பட்டியலும் வெள்ளி முதல் வியாழன் வரை கேட்டதை ஒரு வாரமாக எண்ணுகிறது. ஆக, வெள்ளியன்று வரும் பாட்டுக்கு முழுசாக ஏழு நாள் கிடைக்கும். திங்கட்கிழமை வருகிற பாட்டுக்கு நாலே நாள்தான்!

சரி, இங்கிலாந்தில் இப்படிப் பட்டியல் போடும் வழக்கம் எப்படித் தொடங்கியது? 1952 நவம்பர் 14 அன்று 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் முதல் பட்டியல் வந்தது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்கு போன் போட்டு, எது அதிகம் விற்றது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான்! ஒரு நாட்டின் முதலிடத்தை முடிவு செய்தது ஒரு மனிதர், ஒரு டெலிபோன்! இடங்கள் பன்னிரண்டு. ஆனால் பாட்டுகள் பதினைந்து! சில இடங்களில் ரெண்டு பாட்டு சரிசமமாக நின்றுவிட்டன. முதலிடம் அல் மார்ட்டினோ என்ற பாடகருக்கு.

சரியாகப் பத்தொன்பது நாள் கழித்து நம் பக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1952 டிசம்பர் 3. கொழும்பிலிருந்து ரேடியோ சிலோன், 'பினாகா கீத்மாலா' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியை ஒலிபரப்பத் தொடங்கியது. பினாகா என்பது ஒரு பற்பசை! பேசியவர் அமீன் சயானி. பம்பாயில் பதிவு செய்த நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து அலையாகத் திரும்ப இந்தியாவுக்கு விட்டார்கள். ஏன் இந்தச் சுற்று? அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்திருந்தது! நம்ம பாட்டைக் கேட்க நாம் கடல் தாண்டிக் காது கொடுக்க வேண்டியிருந்தது. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் குவிந்தன. முதலில் வரிசை எதுவும் இல்லை. ஏழு பாட்டைக் கலைத்துப் போடுவார்கள், நேயர்கள் சரியாக வரிசைப்படுத்தி எழுதினால் பரிசு. 1954-இல்தான் தரவரிசை வந்தது. அதுவும் எப்படி? கடைகளில் விற்ற இசைத்தட்டுக் கணக்கோடு, ஊர் ஊராக இருந்த ரேடியோ ரசிகர் மன்றங்களின் விருப்பத்தையும் சேர்த்து! கூடி உட்கார்ந்து கேட்கும் எளிய மனிதர்களுக்கும் அந்தப் பட்டியலில் ஒரு ஓட்டு இருந்தது. இதை மறந்துவிடாதீர்கள், இந்தக் கட்டுரையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

அந்த 1952-இல் எங்கள் கண்டமங்கலம் எப்படி இருந்தது தெரியுமா? விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி என்று எல்லைப் பலகைகள் மாறிக்கொண்டே இருக்கும். திருபுவனை அந்தப் பக்கம், கண்டமங்கலம் இந்தப் பக்கம். இன்று அது பஸ் டிக்கெட்டில்கூடத் தெரியாத எல்லை. 1954 நவம்பர் 1-க்கு முன்னால் அது இந்தியாவுக்கும் பிரெஞ்சுக்காரன் ஆட்சிக்கும் நடுவே கிடந்த எல்லை! பக்கத்து ஊரில் பெண் எடுத்தவன் வேறு நாட்டுக்கு மாப்பிள்ளை. ஆனால் கொழும்பு அலைக்கு எந்தச் சுங்கச்சாவடி? திருபுவனையில் கேட்ட அதே பாட்டு அதே நொடியில் இங்கேயும் கேட்டது.

பிறகு வந்தது இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் பொற்காலம். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது! இந்தப் பெயர்களைச் சொன்னால் இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் முகம் மலர்கிறது. 'பொங்கும் பூம்புனல்' காலையில். 'நீங்கள் கேட்டவை' வந்தால் டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்காது. தன் பெயர் ரேடியோவில் வருமா என்று கடல் தாண்டிக் கடிதம் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. எந்தப் பாட்டுக்கு முன்னால் நேயர் பெயர்களின் வரிசை நீளமோ, அதுதான் அந்த வாரத்து முதலிடம். எண் போடவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது!

இப்போது தலைப்புக்கு வருகிறேன். புதுவரவாக நுழையும் பாட்டு, நுழைந்த வாரமே நேராக முதலிடத்தில் உட்காருவது இன்று வாடிக்கையாகிவிட்டது. ஆனால் பில்போர்டின் 'ஹாட் 100' பட்டியல் 1958 ஆகஸ்ட் 4-இல் தொடங்கி 37 ஆண்டுகள் அது ஒருமுறைகூட நடக்கவில்லை, தெரியுமா? பீட்டில்ஸ்கூடச் செய்யவில்லை! எல்விஸ்கூட இல்லை! 1995 செப்டம்பர் 2 தேதியிட்ட பட்டியலில் மைக்கேல் ஜாக்சன்தான் முதன்முதலாக அதைச் செய்தார். முன்பெல்லாம் பாட்டு ஒவ்வொரு படியாக ஏறியது. ஒரு ரேடியோ நிலையம் போடும், அடுத்த ஊர் கேட்கும், கடையில் தட்டு தீரும், மறுபடி வரும். இன்று உலகமே ஒரே இரவில் கேட்டுவிடுகிறது.

அந்த ஹாட் 100-இல் புதுவரவாக முதலிடத்தில் நுழைந்த ஒரு தமிழ்ப் பெண் உண்டு, தெரியுமா? மாதங்கி அருள்பிரகாசம்! உலகம் எம்.ஐ.ஏ. என்று அழைக்கும் ஈழத் தமிழச்சி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சிறுவயதில் சென்னையிலும் கொஞ்ச காலம் இருந்து, போர் துரத்த லண்டன் போய்ச் சேர்ந்தவர். 2020 அக்டோபரில் டிராவிஸ் ஸ்காட், யங் தக் இருவரோடு சேர்ந்து பாடிய 'ஃபிரான்சைஸ்' வந்த வேகத்தில் முதலிடம்! அதற்கு முன்பே, 2008-இல், அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' நாலாமிடம் வரை ஏறியிருந்தது. அந்தப் பாட்டு இருந்த 'கலா' ஆல்பத்துக்கு அவர் வைத்தது தன் அம்மாவின் பெயர். அதற்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரர்களை வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். கோயில் திருவிழாவில் நம் நெஞ்சை அதிர வைக்கும் அதே உறுமி! இதைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. உங்களுக்கும்தானே?

இன்னொன்று கேளுங்கள். 2012-இல் உலகத்தையே குதிரையாட்டம் ஆட வைத்த 'கங்னம் ஸ்டைல்' ஹாட் 100-இல் ஏழு வாரம் ரெண்டாமிடத்திலேயே நின்றது. முதலிடம் கிடைக்கவே இல்லை! ஏன்? யூடியூபில் பார்ப்பதை அப்போது பில்போர்டு கணக்கில் சேர்க்கவில்லை. 2013 பிப்ரவரியில் சேர்த்தார்கள். சேர்த்த அந்த வாரமே 'ஹார்லம் ஷேக்' என்ற பாட்டு நேராக முதலிடத்தில் நுழைந்தது! பாட்டு மாறவில்லை, கேட்டவர்கள் மாறவில்லை, எண்ணும் விதம் மட்டும் மாறியது.

1991-லும் இதே கதைதான். அதுவரை கடைக்காரர்கள் வாயால் சொன்னதை வைத்தே ஆல்பம் பட்டியல் தயாரானது. அந்த ஆண்டு மே 25 முதல் பில்லில் விழும் பார்கோடை எண்ண ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான்! நகரத்துக் கடைக்காரர்கள் பெரிதாக நினைக்காத நாட்டுப்புறப் பாட்டு, கறுப்பின இளைஞர்களின் ராப் பாட்டு எல்லாம் திமுதிமுவென்று மேலே ஏறின. செப்டம்பரிலேயே கார்த் புரூக்ஸின் கிராமிய இசை ஆல்பம் நேராக முதலிடத்தில் நுழைந்தது. அந்த வகை இசைக்கு அதுவே முதல்முறை. அவ்வளவு பேரும் அதற்கு முன்பும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் எண்ணவில்லை!

நம்ம கணக்கு என்ன? 2011 நவம்பர் 16 அன்று 'ஒய் திஸ் கொலவெறி' வெளியானது. அனிருத்தின் முதல் படம் '3', பாடியவர் தனுஷ். ஜப்பான்காரர்கூட முணுமுணுத்த பாட்டு! 2019 ஜனவரியில் 'ரவுடி பேபி' காணொளி வந்தது. யுவன் இசை, தனுஷும் பாடகி தீயும் குரல், பிரபுதேவா நடனம். அது யூடியூபில் 100 கோடிப் பார்வையைத் தொட்ட முதல் தென்னிந்தியப் பாட்டு. தொட்ட நாள் எது தெரியுமா? 2020 நவம்பர் 16! கொலவெறி பிறந்த அதே தேதி, ஒன்பது வருடம் கழித்து! அதே தீ, 2021 மார்ச் 7-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில் பாடகர் அறிவுடன் சேர்ந்து பாடினார். இசை சந்தோஷ் நாராயணன். படமே இல்லாத தனிப் பாட்டு! நிலத்தையும் பாட்டன் பூட்டனையும் பாடிய அந்தப் பாட்டை எங்கள் ஊரில் ஷேர் ஆட்டோவில் கேட்டேன், கல்யாணத்தில் கேட்டேன், நாற்று நடும் வயல் வரப்பில் ஒரு அக்காவின் போனில் கேட்டேன்.

அந்த அக்கா கேட்டது எந்தக் கணக்கில் சேர்ந்தது? ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால்தான் ஒருமுறை கேட்டதாக எண்ணுவார்கள், தெரியுமா? 29-ஆவது நொடியில் மாற்றினால் பூஜ்யம்! பில்போர்டிலோ காசு கட்டிக் கேட்பவருக்கு மதிப்பு கூடுதல், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவருக்குக் குறைவு. அக்காவின் போனில் இருந்தது யாரோ புளூடூத்தில் அனுப்பிய பாட்டு. அது எங்கேயும் சேராது. ஒரு மைக்செட்டில் ஓடி ஐந்நூறு பேர் காதில் விழும் பாட்டு? அதுவும் சேராது.

எங்கள் பக்கத்து மைக்செட் அண்ணனிடம் இதைச் சொன்னேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தார். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பத்துப் பதினைந்து பென் டிரைவ். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் எழுத்து: 'சாமி', 'நலங்கு', 'பந்தி', 'பசங்க', 'சாவு'. 

"ஏண்ணே, இந்த வாரம் எது முதலிடம்?"

"தம்பி, புதுசு எல்லாத்தையும் ஒருதரம் போட்டுடுவேன். அது என் வேலை. யாராவது ஓடியாந்து, 'அண்ணே, அதை இன்னொருவாட்டி போடுங்க'ன்னா, அது பாட்டு."

"பசங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்களே?"

"பசங்க கேட்டா மூணு மாசம் ஓடும். பந்தி பரிமாறுற பொம்பளைங்க கேட்டா மூணு வருசம் ஓடும். 'பந்தி' டிரைவுக்கு ஒரு புதுப் பாட்டு போறது சாமானியம் இல்ல தம்பி."

இந்த வருடம் அந்த 'பந்தி' பென் டிரைவுக்குள் எத்தனை புதுவரவு என்று கேட்டேன். ரெண்டு என்றார். வாரா வாரம் எத்தனையோ பாட்டு முதலிடம் என்று அறிவிக்கப்படுகிறது, அதில் ரெண்டே ரெண்டு! நான் கண்ட பட்டியல்களிலேயே கறாரான பட்டியல் அந்த பிஸ்கட் டின்னில்தான் இருக்கிறது என்பேன். பணம் கொடுத்து அதில் நுழைய முடியாது. முதல் நாள் பரபரப்பு அங்கே செல்லாது. பாயசம் ஊற்றும் கை ஒரு நொடி நின்று கேட்க வேண்டும்.

வாசகர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் ஊர்க் காதுகுத்திலோ திருவிழாவிலோ மைக்செட்டில் எந்தப் புதுப் பாட்டை ரெண்டாவது தடவை போடச் சொல்லிக் கேட்டார்கள், யார் கேட்டார்கள் என்று பாட்டின் பெயரோடும் தேதியோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 1952-இல் ஒருவர் இருபது கடைக்குப் போன் போட்டுத்தான் ஆரம்பித்தார்.