கழுத்துச் சங்கிலியைக் காப்பாற்றிய காது!

காரைக்கால் கடலோரத்தில் இருக்கும் கருக்களாச்சேரி எங்கள் ஊர். என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடி தடைக்காலம். கடல் வருமானம் நின்றுவிடும்; ஒவ்வொரு ரூபாயையும் எண்ணி எண்ணித்தான் எடுப்போம்.

சென்ற தடைக்காலத்தில், எங்கள் பழைய ஆம்னி வேனில் 'கர்ர்... கர்ர்...' என்று ஒரு சத்தம் கிளம்பியது. மாமியாரை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது அந்த வண்டியில்தான். ஒர்க்ஷாப்பில் காட்டினோம். இரண்டு நிமிடம் கேட்ட மெக்கானிக், "எஞ்சினே போச்சு சார். இறக்கித்தான் வேலை பார்க்கணும். 28 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் என் கழுத்தைப் பார்த்தார். மகளின் காலேஜ் ஃபீஸுக்கென்று நான் காப்பாற்றி வைத்திருந்த இரண்டு பவுன் சங்கிலி அது. "அடகு வச்சுட்டு, தொழில் ஆரம்பிச்சதும் மீட்டுடலாம்" என்றார். அடகுக்குப் போன நகை எத்தனை சீக்கிரம் திரும்பி வரும் என்று நமக்குத் தெரியாதா?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்பாவின் ஞாபகம் வந்தது. அவரும் கடல் தொழில் பார்த்தவர். படகு எஞ்சினில் சத்தம் மாறினால், நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். 2004 சுனாமியில் அந்தப் படகும் எஞ்சினும் போய்விட்டன. ஆனால், "சத்தம் எப்ப வருது, எப்ப மாறுதுன்னு முதல்ல பாரு" என்று அவர் சொன்னது மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

காலையில், "ஏங்க, வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். "உனக்கு என்ன தெரியும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தது. அப்படியானால் சக்கரத்தில் கோளாறு இல்லை. ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். சத்தம் இன்னும் கனத்தது! அணைத்ததும் குறைந்தது. கிரைண்டரில் அரிசியைப் போட்டதும் சத்தம் மாறுமே, அது மாதிரி. மறுபடி போட்டுப் பார்த்த என் கணவர் வாயே திறக்கவில்லை.

வேறொரு பெரியவரிடம் கொண்டு போனோம். "அண்ணே, லைட் போட்டா சத்தம் கூடுது" என்றேன். அவர் முன் சீட்டைத் தூக்கி, எஞ்சின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சில விநாடி மட்டும் வண்டியை ஓடவிட்டார். சத்தமே இல்லை! பெல்ட் சுற்றும் ஆல்டர்னேட்டரைக் கையால் சுற்றிக் காட்டினார். மணல் அரைபடுவது போல 'கரகர' என்றது. "மின்சாரம் எடுக்கற பாகம்மா இது. லைட் போட்டா இதுக்குத்தான் சுமை ஏறும். உப்புக்காத்துல பேரிங் துருப்பிடிச்சுப் போச்சு. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு" என்றார். 1,400 ரூபாயில் வேலை முடிந்தது. சங்கிலி ஜூன் மாதம் மகளின் ஃபீஸுக்குத்தான் போனது.

சகோதரிகளே, வண்டி சமாசாரம் ஆம்பளைங்க விஷயம் என்று ஒதுங்காதீர்கள். நின்றால் வருகிறதா, ஓடினால் மட்டும் வருகிறதா, வளைவில் வருகிறதா, லைட், ஏ.சி. போட்டால் கூடுகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். பெரிய தொகை கேட்டால், "எந்தப் பாகம்? கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள், இன்னொருவரிடமும் காட்டுங்கள். ஆனால், ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்து, 'டக் டக்' என்று இடித்தால் உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். வீடு வரை போய்விடலாம் என்று ஓட்டினால் நிஜமாகவே எஞ்சின் போய்விடும். ஓடும் எஞ்சின் பக்கம் முந்தானையோடும் பின்னலோடும் குனியாதீர்கள்.

குக்கர் விசிலை எண்ணியபடியே குழந்தை சிணுங்கலையும் கேட்கிற காதாச்சே நம்முடையது. அதை நம்பலாம்!

– ஒரு வாசகி, கருக்களாச்சேரி.