சீனி வருத்தத்துக்கு மருந்து சொல்பவர்களின் கவனத்துக்கு

நம்மவர்களிடம் "சீனி கூடியிருக்கிறதாம்" என்று வாய் திறந்தால் போதும், கேட்காமலேயே நாலைந்து மருந்து வந்து சேரும். கருஞ்சீரகம், பாவற்காய்ச் சாறு, கொத்தல ஹிம்புட்டுக் கோப்பையில் இரவு முழுக்க ஊறிய தண்ணீர், காமரங்கா ஜூஸ், கூடவே பார்க்கச் சொல்லி ஒரு யூடியூப் வீடியோ. சொல்பவரின் நிய்யத்தில் குறை காண முடியாது. ஆனால் அவர் சொல்லாமல் விடுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

"நான் இதைக் குடித்தேன், சுகமாகிவிட்டது" என்பவரிடம் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். கிளினிக் குளிசையையும் அவர் விடாமல் போட்டிருப்பார். இரவுச் சோற்றைக் குறைத்திருப்பார், சுபஹு தொழுதுவிட்டு நடந்திருப்பார். சுகம் என்று அவர் சொல்வது பெரும்பாலும் ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் எடுத்த ஒரு ரிப்போர்ட்டை. முந்திய இரவு குறைவாகச் சாப்பிட்டாலே அந்த எண் இறங்கும். ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது எச்பிஏ1சி என்ற பரிசோதனை. யாராவது ஒரு மருந்தைச் சிபாரிசு செய்தால், குடிக்க முன்னரும் மூன்று மாதம் கழித்தும் அது எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். அதற்குப் பதில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

இந்தச் சிபாரிசுகளோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு பேச்சுதான் எல்லாவற்றையும் விட ஆபத்தானது: "அந்தக் குளிசை கிட்னியைப் பழுதாக்கும், விட்டுவிடுங்கள்." மெட்போமினைத்தான் சொல்கிறார்கள். உண்மை வேறு விதமாக இருக்கிறது. கட்டுக்குள் இல்லாத சீனி சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களை வருடக்கணக்கில் அரிக்கிறது. சிறுநீரகம் ஏற்கனவே பலவீனமாகி இருந்தால் மெட்போமின் உடலில் தேங்கக் கூடும் என்பதால் வைத்தியர் அளவைக் குறைப்பார், சில வேளை நிறுத்திவிடுவார். இதைப் பார்த்த பக்கத்து வீட்டார், குளிசையால்தான் கிட்னி போனது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காரணமும் விளைவும் இடம் மாறிப் போகின்றன. வதந்தியை நம்பிக் குளிசையை விட்டவர் பின்னொரு நாள் டயலிசிஸுக்குப் போகும்போது, "நான் அப்பவே சொன்னேன்" என்று அதே வாய் சொல்லும். இன்னொன்று: "கெமிக்கல்" என்று நாம் ஒதுக்கும் மெட்போமினின் வரலாறே ஒரு செடியில்தான் தொடங்குகிறது. கலேகா என்ற ஐரோப்பிய மூலிகையில் சீனியைக் குறைக்கும் பொருள் இருப்பதைக் கண்டு, அதன் வழியே வந்த மருந்து அது. 1957இல் பிரான்ஸில் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இயற்கையானது என்றால் தீங்கில்லை என்ற எண்ணத்துக்குக் காமரங்காவே பதில். அதில் ஒக்ஸலேட் நிறைய உண்டு. வெறும் வயிற்றில் கிளாஸ் கிளாஸாக ஜூஸ் குடித்தால், நல்ல சிறுநீரகமும் திடீரெனச் செயலிழக்கலாம். பிலிம்பிக்காய்ச் சாறும் அப்படித்தான். சிறுநீரகம் பலவீனமானவருக்குக் காமரங்கா இன்னும் கொடியது. அதிலுள்ள ஒரு நச்சுப் பொருள் மூளையைப் பாதித்து, நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் மரணம் வரை கொண்டு செல்லும். சீனி வருத்தக்காரர் பலருக்குத் தன் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதே தெரியாது. அவருக்குப் போய் இதைக் கொடுக்கச் சொல்கிறோம்.

கொத்தல ஹிம்புட்டு அந்த வகை அல்ல. மாச்சத்து சீனியாக உடைவதை அது தாமதப்படுத்துகிறது, அதில் உண்மையாகவே மருந்துக் குணம் இருக்கிறது. அதனால்தான் வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்கிறேன். குளிசையும் ஊசியும் அதே வேலையைச் செய்யும்போது சீனி அளவுக்கு மீறி இறங்கலாம், நோன்பு காலத்தில் இன்னும் இலகுவாக.

கருஞ்சீரகம் பற்றிப் பேச நம்மவர்கள் தயங்குவார்கள், ஹதீஸ் இருக்கிறதே என்று. புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பதை மறுப்பவர் யார்? ஆனால் இமாம் கத்தாபி போன்ற அறிஞர்கள், அதன் சொல் பொதுவானதாக இருந்தாலும் கருத்து குறிப்பிட்ட நோய்களையே சுட்டுகிறது என்று விளக்கியிருக்கிறார்கள். வேறு மருந்தை விட்டுவிடு என்று அந்த ஹதீஸில் இல்லை. மருத்துவம் அறியாதவர் வைத்தியம் பார்த்தால் அதன் விளைவுக்கு அவரே பொறுப்பாளி என்ற ஹதீஸும் அபூதாவூதில் இருக்கிறது. அதை யாரும் போர்வர்ட் செய்வதில்லை!

2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாப் பாணிக்காக ஆயிரக்கணக்கில் மக்கள் வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். பாணியைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா வந்தது.

சரி, எதைத்தான் சிபாரிசு செய்வது? என்னைக் கேட்டால், பார்ப்பதற்கு 2014இல் வந்த 'தட் ஷுகர் பிலிம்' என்ற அவுஸ்திரேலியப் படம். ஒருவர் 60 நாள் தினமும் சுமார் 40 தேக்கரண்டி சீனி உட்கொள்கிறார், ஆனால் சொக்லட்டோ ஐஸ்கிரீமோ சோடாவோ தொடாமல். ஆரோக்கியமானவை என்று விற்கப்படும் யோகட், பழச்சாறு, சீரியல் வழியாகவே அவ்வளவும் உள்ளே போகிறது. படம் கொஞ்சம் மிகைப்படுத்துகிறதுதான், என்றாலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

வாசிப்பதற்குப் புத்தகமே தேவையில்லை, போத்தலில் இருக்கும் வட்டத்தை வாசியுங்கள். 2016 முதல் நம் நாட்டுக் குளிர்பானங்களில் அந்த நிறக் குறி கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் பச்சை, நடுவில் மஞ்சள். இஃப்தாருக்கு வாங்கும் போத்தலை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பது பெரிய வேலையில்லை. வீட்டில் கரைக்கும் சர்பத்துக்கு வட்டம் ஒட்ட யாரும் வரமாட்டார்கள், அதை நாமே கணக்குப் பார்க்க வேண்டியதுதான்.

எடுப்பதற்கு என்றால், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு, வீட்டில் குடிக்கும் தூள், எண்ணெய், கோப்பை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் ஏசுவார் என்று ஒளிக்க வேண்டாம். சிறுநீரகத்துக்கான கிரியட்டினின் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தது என்றும் கேளுங்கள். வியர்வை, நடுக்கம், தலை கிறுகிறுப்பு வந்தால், நோன்பாக இருந்தாலும் அதை முறித்து மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 1990க்கு அழையுங்கள், அந்த அம்பியூலன்ஸுக்குக் காசு இல்லை.